அட்ரினல் கட்டி ஜீன் டேட்டா: நார்மல் சாம்பிளுக்கு எங்கே போவது?

திருவையாறு மாணவி:
தஞ்சாவூரில் எம்.எஸ்சி. படிக்கிறேன். அட்ரினல் (சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி) புறணிப் புற்றுநோயில், அதாவது அதன் வெளிப்பகுதியில் வரும் புற்றுநோயில், எந்த ஜீன்களின் செயல்பாடு கூடுகிறது, எவற்றின் செயல்பாடு குறைகிறது என்பதுதான் புராஜெக்ட். டிசிஜிஏ (TCGA) என்ற புற்றுநோய் ஜீன் டேட்டா தொகுப்பில் 79 கட்டிகளின் ஆர்.என்.ஏ. டேட்டா இருக்கிறது, ஆனால் ஒப்பிட நார்மல் சுரப்பி ஒன்றுகூட இல்லை. ஜிடெக்ஸ் (GTEx) என்ற நார்மல் திசு டேட்டா தொகுப்பின் நார்மல்களைச் சேர்த்து, ஜீன் அளவுகளை ஒப்பிடும் டிஇசெக்2 (DESeq2) மென்பொருளில் ஓட்டலாமா?

கும்பகோணத்துக்காரன்:
ஓடும், ஆனால் நம்ப முடியாதும்மா. கட்டி எல்லாம் ஒரு இடத்து டேட்டா, நார்மல் எல்லாம் வேறு இடத்து டேட்டா என்றால் தெரிகிற வித்தியாசம் நோயால் வந்ததா லேபால் வந்ததா என்று எந்தத் திருத்தமும் பிரித்துச் சொல்லாது. குறுவைக்கு ஒரு உரம், சம்பாவுக்கு வேறு உரம் போட்டுவிட்டு விளைச்சல் வித்தியாசத்துக்கு உரம்தான் காரணம் என்பது மாதிரி. ஜியோ (GEO) என்ற பொது டேட்டா களஞ்சியத்தில் ஜிஎஸ்இ10927 (GSE10927) என்ற தொகுப்பை எடுங்க. 33 புற்றுக்கட்டி, 22 அடினோமா (புற்று அல்லாத கட்டி), 10 நார்மல், எல்லாம் ஒரே ஆய்வில். மைக்ரோஅரே (சில்லில் ஜீன் அளவுகளை அளக்கும் முறை) என்பதால் அதற்கான லிம்மா (limma) மென்பொருள் போதும். ஐஜிஎஃப்2 (IGF2) என்ற வளர்ச்சி ஜீன் புற்றுக்கட்டிகளில் எகிறி நிற்கணும், இல்லையென்றால் எது கட்டி, எது நார்மல் என்ற சாம்பிள் லேபிளை முதலில் சரிபாருங்க.

மயிலாடுதுறை பேத்தாலஜி:
இன்னொன்று. நார்மல் சுரப்பித் துண்டில் புறணியோடு அகணியும் (உள்பகுதி) ஒட்டிக்கொண்டு வரும். அதனால் பிஎன்எம்டி (PNMT), டிஎச் (TH) ஜீன்கள் எல்லாம் கட்டியில் பயங்கரமாகக் குறைந்ததாகக் காட்டும். அவை அட்ரினலின் தயாரிக்கும் அகணியின் ஜீன்கள், அதைப் புற்றுநோய்க் கண்டுபிடிப்பு என்று எழுதிடாதீங்க. என்னைக் கேட்டால் அடினோமாவோடு ஒப்பிடுவதுதான் உருப்படி, கட்டி புற்றா, அடினோமாவா என்பதுதான் சிகிச்சையில் வரும் கேள்வியே.

திருவையாறு மாணவி:
ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். அடினோமாவோடு ஒப்பிட்டே தொடங்குகிறேன், அப்புறம் டிசிஜிஏவைக் கட்டிகளுக்குள்ளேயே பிரித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.