பழங்குடியினர் நல அமைச்சருக்கு மனு போடலாமா?

வியாசர்பாடிவாசி: எங்க தெருவுல ஊசிமணி பாசிமணி விக்கிற நரிக்குறவர் அக்கா, பொண்ணோட எஸ்டி சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்சுட்டாங்க. அமைச்சருக்கே எழுதிடலாமா?

ராயபுரம்2: எழுதுங்க, ஆனா சர்டிபிகேட் குடுக்கிறது அவர் துறை இல்ல, வருவாய்த்துறை. எஸ்டிக்கு தாசில்தார் கிடையாது, கோட்டாட்சியர்தான். முன்னாடி எம்பிசி லிஸ்ட்ல இருந்தாங்க, 2023 ஜனவரிலதான் எஸ்டி ஆனாங்க, அதனால பழைய சர்டிபிகேட்ட பாத்து குழப்புவாங்க, விடாதீங்க.

வியாசர்பாடிவாசி: லிஸ்ட்ல சேர்த்தது யாருங்க, நம்ம மாநில அமைச்சரா?

கொருக்குப்பேட்டை: இல்லப்பா, மாநிலம் சிபாரிசு பண்ணலாம், அவ்ளோதான். அரசியல் சாசனத்தோட 342வது பிரிவுப்படி நாடாளுமன்றத்துல சட்டம் போட்டாதான் லிஸ்ட் மாறும், மசோதா கொண்டுவந்தது டெல்லில இருக்கிற பழங்குடியினர் விவகார அமைச்சகம். அது 1999லதான் தனி அமைச்சகம் ஆச்சு, மொத அமைச்சர் ஒடிசாவோட ஜுவல் ஓரம், அவரே பழங்குடி. இங்க நம்மூர்ல ஆதிதிராவிடர் நலமும் பழங்குடியினர் நலமும் ஒரே துறை, பழங்குடிங்களுக்குன்னு தனியா ஒரு அமைச்சர் வேணும்னுதான் நான் சொல்வேன். அக்காவ திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு கூட்டிட்டுப் போங்க, மனு குடுத்த ரசீத மறக்காம வாங்கி வைங்க.