உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைகளில் ஆராய்ச்சி மதிப்பெண் எப்படி வருதுங்க?

பெருந்துறை_17:
ஈரோடு பக்கத்துத் தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி ஒன்றுக்காகக் கேட்கிறேனுங்க. கட்டுரை எண்ணிக்கை வருசா வருசம் ஏறுது, மதிப்பெண் ஏறக் காணோம். க்யூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் தரவரிசை மூணும் ஒரே கட்டுரைகளைத்தானே எண்ணுது? அப்புறம் எப்படி மூணும் மூணு மாதிரி சொல்லுது?

சிறுவாணித்தண்ணி:
மூணும் ஒண்ணு இல்லீங்க. ஷாங்காய் பட்டியல் (2003 முதல் வருது) வெப் ஆஃப் சயின்ஸ்ங்கிற கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்குது. மத்த ரெண்டும் எடுக்கிறது ஸ்கோபஸ்ங்கிற வேறொரு தரவுத்தளத்திலிருந்து.

ஷாங்காயில் நோபல், ஃபீல்ட்ஸ் பரிசு வாங்கின முன்னாள் மாணவர்களுக்கு 10%, ஆசிரியர்களுக்கு 20%. அதிகம் மேற்கோள் (அதாவது ஒரு கட்டுரையை மத்த கட்டுரைகள் எடுத்துக்காட்டுறது) பெற்ற ஆய்வாளர்களுக்கு 20%, நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வர்ற கட்டுரைகளுக்கு 20%, மொத்தக் கட்டுரைக்கு 20%, இதையெல்லாம் கல்லூரி ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்த தலைக்கணக்குக்கு 10%. நம்மூர்க் கல்லூரிக்குக் கைக்கு எட்டுவது அந்த மொத்தக் கட்டுரை ஒண்ணுதான். நேச்சர் கட்டுரையில் பேர் இருந்தாலும் முழுப் புள்ளி தொடர்புக் கட்டுரையாளரின் (இதழோடு கடிதப் போக்குவரத்து வச்சுக்கிறவர்) நிறுவனத்துக்கே. முதல் கட்டுரையாளருக்குப் பாதி, அடுத்தவருக்குக் கால், மிச்சப் பேருக்கு 10%.

க்யூஎஸ்ஸில் மேற்கோளுக்கு 20% மட்டும். அதுவும் கல்லூரி ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துத்தான், சுயமேற்கோளை (தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுறது) கழிச்சிடுவாங்க. கல்விப்புலத்தில் இருக்கிறவங்க கிட்டக் கருத்துக் கேட்டுப் போடுற நற்பெயருக்கு 30%! என் பார்வைக்கு அது ஆராய்ச்சியை அளக்கிறதே இல்லை, பேரை அளக்குது.

டைம்ஸில் ஆராய்ச்சித் தரத்துக்கு 30%. அதில் 15 மேற்கோள் தாக்கம். வலிமை, சிறப்பு, செல்வாக்குன்னு தலா 5. ஆனா அஞ்சு வருசத்தில் 1000 கட்டுரை இல்லாட்டி வாசல்படியே ஏற முடியாது.

பெருந்துறை_17:
மேற்கோள் தாக்கம்னா வந்த மேற்கோளைக் கூட்டி வகுக்கிறதுதானே அண்ணா?

சிறுவாணித்தண்ணி:
நேரா வகுத்தா, மேற்கோள் கம்மியா வர்ற கணிதத் துறைக்காரன் மருத்துவத்துக்கு முன்னால நிக்கவே முடியாதே. ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியோடு ஒப்பிடுவாங்க. உங்க ஜவுளிக் கட்டுரைக்கு 12 மேற்கோள், உலகச் சராசரி 8 என்றால் 1.5. ஒண்ணுக்கு மேல போனா சராசரியைத் தாண்டியாச்சு.

இதில் ஒரு ஓட்டை. பத்துக் கட்டுரையில் ஒன்பதுக்குத் தலா 2, ஒண்ணுக்கு மட்டும் 180 மேற்கோள்னு வைங்க. சராசரி 19.8! ஒத்தைக் கட்டுரை மொத்தக் கல்லூரியையும் தூக்கிட்டுப் போயிரும். அதனாலதான் டைம்ஸ் 'ஆராய்ச்சி வலிமை'ன்னு 75-ஆம் சதமானத்தையும் (சின்னதிலிருந்து பெரிசா அடுக்கினா முக்கால் தூரத்தில் நிற்கிற மதிப்பு) பார்க்குது. மேலே சொன்ன பத்தை வரிசையா அடுக்கிப் பார்த்தா அந்த இடத்தில் 2-தான் நிற்கும். லைடன் தரவரிசை மொத்த மதிப்பெண்ணே போடாது. துறையில் உச்ச 10% மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எத்தனை சதவீதம்னு காட்டும். எனக்கு அதுதான் நேர்மையாப் படுது.

மேட்டுக்காடு:
இவ்வளவு கணக்கும் கட்டுரை உங்க பேரில் ஏறின பிறகுதாங்க. முதல்ல அதைப் பாருங்க. இணைவுக் கல்லூரி ஆசிரியர்கள் நிறையப் பேர் முகவரியில் 'அண்ணா பல்கலைக்கழகம்'னு மட்டும் போட்டுடறாங்க. கட்டுரை அங்கே போய்ச் சேர்ந்திரும். துறைப் பேரை மட்டும் எழுதி விடுறதும் உண்டு. கோவை, கோயம்புத்தூர்னு ரெண்டு விதமா எழுதினா இயந்திரம் ரெண்டு கல்லூரின்னு நினைக்கக்கூடும்.

சரிபார்க்கிற வழி: ஸ்கோபஸில் உங்க கல்லூரிக்கு ஓர் இணைப்பு எண் (நிறுவனத்துக்கான அடையாள எண்) இருக்கும். கல்லூரிப் பேரை எல்லா எழுத்து வடிவத்திலும் முகவரிப் பகுதியில் தேடுங்க. அதிலிருந்து அந்த எண்ணில் இருக்கிற கட்டுரைகளைக் கழிங்க. மிச்சம் நிக்கிறதெல்லாம் உங்க கணக்கில் வராத கட்டுரை. நிறுவன விவரத் திருத்தப் படிவத்தில் அந்தப் பேர் வடிவங்களை ஒண்ணாக்கச் சொல்லிக் கேளுங்க. தரவரிசைக்குத் தரவு எடுக்கிற நாளுக்கு முன்னாடியே கேட்கணும், பிந்தினா அடுத்த வருசம்தான். இனி வர்ற கட்டுரைகளுக்கு ஒரே முகவரி வரியை அச்சடிச்சு எல்லாத் துறைக்கும் கொடுங்க, ஆர்கிட் எண்ணையும் (ஆய்வாளர் ஒவ்வொருத்தருக்குமான அடையாள எண்) கட்டாயமாக்குங்க.

காசு கொடுத்துப் போடுற இதழ்களில் எண்ணிக்கையைக் கூட்டாதீங்க. ஸ்கோபஸ் ஓர் இதழைக் கைவிட்டா அதுக்கப்புறம் வர்றது ஏறாது. ஒருத்தரை ஒருத்தர் மேற்கோள் காட்டிக்கிற மேற்கோள் பரிமாற்றக் கும்பலும் வேண்டாமுங்க. மேற்கோளை ஊதிப் பெருக்கிறது சுலபமாப் போச்சுன்னு 2023-இல் வெப் ஆஃப் சயின்ஸை நடத்துற கிளாரிவேட் நிறுவனம் தன்னோட அதிக மேற்கோள் ஆய்வாளர் பட்டியலிலிருந்து கணிதத்தையே எடுத்துடுச்சு. ஷாங்காய் கணக்குப் போடுறது அந்தப் பட்டியலை வச்சுத்தான்.