தோப்பில் புல் வெட்ட மின்சாரமா, பெட்ரோலா? (அவசரம்)

ஊர்ப்பக்கம்82 (புதன், இரவு 11.40)
அனைவருக்கும் வணக்கம். வெள்ளி இரவு பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். அதற்குள் கையில் பிடித்துப் புல் வெட்டும் இயந்திரம் (பிரஷ் கட்டர்) ஒன்று வாங்கியாக வேண்டும். கரண்டில் ஓடுவதா, பெட்ரோலில் ஓடுவதா, எது நல்லது? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், வீடியோக்களில் வேறொன்று சொல்கிறார்கள். பணம் போனால் போகட்டும், வாங்கிய பொருள் மூலையில் கிடக்கக் கூடாது. சீக்கிரம் சொல்லுங்கள்.

மலையடிவாரம்
எந்த ஊர்? எத்தனை ஏக்கர்? வெறும் புல்லா, புதரும் உண்டா? கல் கிடக்கும் நிலமா? யார் ஓட்டப்போகிறார்கள்? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லையே தம்பி.

பழைய மெக்கானிக்
வயிற்றுவலிக்கு எந்த மாத்திரை நல்லது என்று கேட்பதைப் போல இருக்கிறது. இந்த மாதத்தில் இதே கேள்வி நான்காவது முறை. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் ஒழிந்தேபோய்விட்டது.

சூரியத்தகடு
பேட்டரியில் ஓடுவதை வாங்குங்கள். புகை இல்லை, கயிற்றை இழுத்துத் தோள்பட்டையைக் கழற்றிக்கொள்ள வேண்டாம், விசையை அழுத்தினால் ஓடும். நான் இரண்டு வருடமாக 36 வோல்ட் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறேன். பெட்ரோல் காலம் முடிந்துவிட்டது.

மலையடிவாரம்
உங்கள் இடம் எவ்வளவு, சூரியத்தகடு?

சூரியத்தகடு
ஆறு சென்ட். ஆனால் அடர்த்தியான அருகம்புல்.

ஊர்ப்பக்கம்82 (வியாழன், காலை 7.15)
மன்னிக்கவும், அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். தென்காசி மாவட்டம் கடையம் பக்கம், மலையை ஒட்டிய இடம். தென்னந்தோப்பு, 140 மரம். மழைக்குப் பிறகு இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அப்பாதான் ஓட்டுவார். மோட்டார் அறையில் கரண்ட் இருக்கிறது, அங்கிருந்து வயர் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பழைய மெக்கானிக்
இப்போதுதான் பேச முடிகிறது. ஏக்கர் சொல்லத் தெரியாவிட்டாலும் மரக்கணக்குச் சொன்னீர்களே, அதுவரை நல்லது. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் வரும். ஆக 2 ஏக்கர்.

வயர் யோசனையை முதலில் கைவிடுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 100 மீட்டர் இழுத்து 1200 வாட் கருவியை மாட்டினால், வயரிலேயே 12, 13 வோல்ட் போய்விடும். மாலையில் 190 வோல்ட்டுக்குத் தவிக்கும் ஊர் என்றால் மோட்டார் சூடாகிச் சாகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 140 மரத்தைச் சுற்றி அனுமார் வாலைப் போல வயரை இழுத்துக்கொண்டு, ஈரப்புல்லில், சுற்றும் பிளேடோடு நடக்கப்போவது உங்கள் அப்பா. அதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச இணைப்பில் வேறு கருவியை ஓட்டுவது விதிமீறல்.

பேட்டரிக்காரருக்கும் ஒரு கணக்கு. 36 வோல்ட், 4 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 144 வாட் மணி. இடுப்பளவுப் புல்லில் கருவி 600 வாட் கேட்டால் கால் மணி நேரம்கூட முழுதாக வராது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9,000 வாட் மணி இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் ஏழில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மிச்சம் சூடாகவும் சத்தமாகவும் போகும். அப்படியும் ஒரு லிட்டர் உங்கள் பேட்டரி சுமார் ஒன்பதுக்குச் சமம்.

சூரியத்தகடு
இரண்டு பேட்டரி வைத்து மாற்றி மாற்றிச் சார்ஜ் போட்டால்?

பழைய மெக்கானிக்
ஆறு சென்ட்டில் செய்யலாம்.

ராசாத்தோப்பு
மெக்கானிக் சொல்வது சரி, பெட்ரோல்தான். ஆனால் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்குங்கள். எடை குறைவு, இழுவை அதிகம், நம் ஊர் மெக்கானிக் யாரும் பிரித்துப் பூட்டுவார். லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்தால் எஞ்சின் பத்து வருடம் பழுதாகாது.

பழைய மெக்கானிக்
லிட்டருக்கு 40 மில்லி, அதாவது இருபத்தைந்துக்கு ஒன்று என்பது பழைய ஆயிலுக்குச் சொன்ன கணக்கு. இப்போதைய நல்ல ஆயிலுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்றுதான் கையேட்டில் அச்சடிக்கின்றன. கூடுதலாக ஊற்றினால் புகைப்போக்கியில் கரி அடைக்கும், அவ்வளவுதான். அவரவர் இயந்திரத்தின் கையேட்டைப் பாருங்கள். நான் சொன்னேன் என்றும் ஊற்ற வேண்டாம், ராசாத்தோப்பு சொன்னார் என்றும் ஊற்ற வேண்டாம்.

ராசாத்தோப்பு
கையேடு குளிர்நாட்டுக்காரன் எழுதியது. தென்காசி வெயிலில் நின்று எழுதினானா அவன்?

வரப்புவாசி
எஞ்சின் கெடுவதற்கெல்லாம் காரணம் இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவீதக் கலப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும், அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. அதை எஞ்சின் குடித்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். என்னுடையது அப்படித்தான் போனது. நான்கு மாதம் சும்மா வைத்திருந்து ஸ்டார்ட் செய்தேன், சிலிண்டரோடு மாற்ற வேண்டியதாயிற்று.

பழைய மெக்கானிக்
நான்கு மாதம் தொட்டியில் பெட்ரோலை ஊறவைத்தது யார் குற்றம்? வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட்ட வேண்டும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். இதைச் செய்தால் பாதி இழைகள் இங்கே தேவையே இல்லை.

கொழிஞ்சி
எல்லோரும் எஞ்சினிலேயே நிற்கிறீர்கள். பத்து வெள்ளாட்டைக் கட்டி மேயவிட்டால் புல்லும் போகும், உரமும் விழும், தீபாவளிக்குக் காசும் வரும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆட்டுக்கு என்ன கலவை, என்ன கையேடு?

ராசாத்தோப்பு
கொழிஞ்சி அக்கா, தோப்பில் இளங்கன்று இருந்தால் முதலில் அதைத்தான் கடிக்கும். பார்த்தீனியத்தைத் தொடவும் தொடாது. எல்லாவற்றையும் ஆடு தின்னும் என்றால் ஆடாதொடைக்கும் ஆடுதின்னாப்பாளைக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது?

கொழிஞ்சி
தொடாத இரண்டு செடிக்குப் பெயர் வைத்துத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், மற்றதையெல்லாம் தின்னும் என்றுதானே பொருள்?

வரப்புவாசி
கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் ஒரே நாளில் வேலை முடியும்.

கொழிஞ்சி
2022 அக்டோபரில் வந்த அறிவிக்கைப்படி பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மட்டும்தான் அதை அடிக்கலாம் என்று இருந்தது. சட்டம் கிடக்கட்டும், அடித்த இடத்தில் என் ஆட்டை விட மாட்டேன்.

மலையடிவாரம்
கேட்டவர் ஓடியே போய்விட்டார் போல. திரும்பி வந்தால் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். நானும் அதே மலைக்குக் கீழேதான் இருக்கிறேன், நாளுக்கு அரை ஏக்கர் வெட்டுவேன், அதற்கு மேல் கை ஒத்துழைக்காது.

எதை வாங்கினாலும் முனையில் என்ன மாட்டுகிறோம் என்பதைப் பாருங்கள். வெறும் புல்லுக்கும் கல் கிடக்கும் இடத்துக்கும் நைலான் நரம்பு. கல்லில் பட்டால் நரம்புதான் தேயும். தடித்த தண்டுக்குப் பிளேடு வேண்டும், ஆனால் அது கல்லிலோ வேரிலோ மோதினால் திருப்பி உதைக்கும். பிளேடைக் கடிகார முகமாக நினைத்தால் 12க்கும் 3க்கும் நடுவில் உள்ள பகுதி எதிலும் படக் கூடாது. வலமிருந்து இடமாக வீசி, இடப்பக்கத்தால் வெட்ட வேண்டும். 15 மீட்டருக்குள் ஆளோ மாடோ நிற்கக் கூடாது. என் முகக்கவசத்தில் ஒருமுறை சிரட்டைத் துண்டு வந்து அடித்த தழும்பு இருக்கிறது. கவசம் இல்லாமல் இருந்தால் தழும்பு வேறு இடத்தில் இருந்திருக்கும்.

தென்னையின் தூருக்குப் பக்கத்தில் மட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோகாதீர்கள். நரம்பு பட்டை உரித்துவிடும், காயம்பட்ட மரத்தை சிவப்புக் கூன்வண்டு மோப்பம் பிடித்து வந்து முட்டையிடும். வட்டப்பாத்திக்கு அரிவாளும் மண்வெட்டியும்தான். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் முதலில் ஒரு நடை நடந்து, குழாய் போகும் தடத்தில் குச்சி நட்டுவிடுங்கள். அப்பாவுக்கு என்ன வயது?

ஊர்ப்பக்கம்82 (வியாழன், இரவு 10.05)
67. இடது தோளில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். சொட்டுநீர்க் குழாய் இருக்கிறது.

பழைய மெக்கானிக்
அதைச் சொல்ல மறந்துவிட்டார்!

மலையடிவாரம்
அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்கள். தம்பி, அப்படியென்றால் இரண்டு ஸ்ட்ரோக்கை மறந்துவிடுங்கள், அதிர்வு அதிகம். 35 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த பிரஷ் கட்டர் பாருங்கள். ஆயில் தனி, பெட்ரோலில் கலக்கும் தொல்லை இல்லை. ஹோண்டா ஜிஎக்ஸ்35 எஞ்சினில் 100 மில்லி ஆயில்தான் பிடிக்கும், எப்படிச் சாய்த்தாலும் ஓடும். முதுகில் சுமப்பதைக் கடையில் காட்டுவார்கள். அதில் பாரம் இரண்டு தோளுக்கும் போகும், ஆனால் தண்டு வளையும், அதனால் பல்சக்கரப் பிளேடு மாட்டினால் காலுக்கு ஆபத்து. நரம்பு மட்டும் மாட்டுவதென்றால் அது சரி. வீட்டு முற்றத்துக்கு வேண்டுமானால் சூரியத்தகடு சொல்லும் பேட்டரிக் கருவி அப்பாவுக்கு லேசாக இருக்கும்.

வாங்கும் முன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் கேளுங்கள். சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது.

சூரியத்தகடு
நன்றி. யாராவது ஒருவராவது சொன்னீர்களே.

ஊர்ப்பக்கம்82 (12 நாட்களுக்குப் பிறகு)
35 சிசி நான்கு ஸ்ட்ரோக் வாங்கியாயிற்று. தோளில் மாட்டுவது. மானியத்துக்குக் காத்திருக்க அப்பா சம்மதிக்கவில்லை. ஓட்டுவது பக்கத்துத் தோப்புக்காரர் மகன், அப்பா வரப்பில் நின்று சத்தம் போடுகிறார். குழாய் இரண்டு இடத்தில் அறுந்தது. ஒரு வாரம் வெட்டியும் பாதிகூட முடியவில்லை, 2 ஏக்கருக்கு இவ்வளவு நாள் ஆகுமா? 140 என்பது இப்போது நிற்கும் மரம். வைத்தது 200. பட்டுப்போன இடமெல்லாம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது, நரம்பு அதில் சுற்றிக்கொண்டு அறுகிறது.

பழைய மெக்கானிக்
200 மரம் என்றால் 3 ஏக்கர். உண்ணிச்செடியின் தண்டு விறகு மாதிரி, அதற்கு நரம்பு போதாது, பல்சக்கரப் பிளேடு மாட்டச் சொல்லுங்கள். பிளேடு நட்டு இடதுமரை, வழக்கமான பக்கம் திருப்பி உடைத்துவிடாதீர்கள்.

கொழிஞ்சி
உண்ணிச்செடியா? அப்படியானால் நான் சொன்ன ஆடு வேண்டாம். பசியில் அதைத் தின்றால் ஈரல் கெட்டுக் காமாலை வரும், வெயில் படும் தோலெல்லாம் வெந்துபோகும். வேரோடு எடுத்த பிறகு பார்க்கலாம்.