எட்டாம் மாதத்துக்கு மேல் தூக்கம் வராதவர்கள் இங்கே எழுதுங்கள்

எனக்கு இப்போது 36 வாரம், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். தூக்கம் வரவில்லை என்று வாயைத் திறந்தாலே "இப்பவே பழகிக்கோ, குழந்தை பிறந்தா இதுகூட கிடைக்காது" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் என் தூக்கம் கெட்டதற்கு ஒரு காரணம் இருந்தது, அதற்கு வைத்தியமும் இருந்தது.

படுத்ததும் இரண்டு காலிலும் குடைச்சல். வலி என்றும் சொல்ல முடியாது, கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும், எழுந்து நடந்தால் போய்விடும், படுத்தால் மறுபடியும் வரும். பகலில் ஒன்றுமே தெரியாது. அம்மா தைலம் தேய்த்துவிட்டார், கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் சொன்னதும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை, எனக்கு 9.2. இரும்புச்சத்து குறைந்தால் இந்த மாதிரிக் குடைச்சல் வரலாம் என்று டாக்டர் சொல்லி, அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். குடைச்சல் மெல்ல மெல்லக் குறைந்து இப்போது எப்போதாவதுதான் வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் காபி, டீ, பாலோடு சேர்க்காதீர்கள், கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எது தூக்கத்தைக் கெடுத்தது?

—

எனக்கு நெஞ்செரிச்சல். படுத்தால் தொண்டை வரை புளித்துக்கொண்டு வரும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம், பாதி சரியானது. மீதிக்கு டாக்டர் சிரப் எழுதித் தந்தார். கடையில் நீங்களாக எதுவும் வாங்க வேண்டாம்.

—

இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்கு அரிப்பு. உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும், பகலில் லேசாகத்தான் இருக்கும், ராத்திரியானால் பித்துப் பிடித்த மாதிரி சொறிவேன், ஆனால் தோலில் ஒரு தடிப்புகூடக் கிடையாது. வயிறு விரிகிறது, சூடு, இளநீர் குடி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். செக்கப்பில் டாக்டரிடம் சொன்னபோது அவர் முகமே மாறிவிட்டது. கல்லீரல் பரிசோதனையும் பித்த அமிலப் பரிசோதனையும் உடனே எடுக்கச் சொன்னார். இரண்டுமே கூடுதலாக இருந்தது. பித்த அமிலம் ரொம்ப ஏறினால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து, அதனால் அடிக்கடி பார்த்து, 37 வாரத்தில் வலி வரவழைத்து எடுத்தார்கள். மகள் நன்றாக இருக்கிறாள், அரிப்பும் பிரசவத்துக்குப் பிறகு சில நாளிலேயே போய்விட்டது. தடிப்பு இல்லாமல் ராத்திரி உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள், ப்ளீஸ்.

—

எங்கள் வீட்டில் வேறு பிரச்சினை. "படுத்தபடியே புரளாதேம்மா, எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு, இல்லேன்னா கொடி சுத்திக்கும்" என்று அத்தை சொல்லியிருந்தார். ஒன்பதாம் மாதத்தில், இடுப்பெலும்பு வலியோடு, பக்கம் மாற்றும்போதெல்லாம் முழுதாக எழுந்து உட்கார்ந்தால் வருகிற கொஞ்சநஞ்சத் தூக்கமும் ஓடிவிடும். அத்தையைக் கூட்டிக்கொண்டே டாக்டரிடம் போய்க் கேட்டேன். கொடி சுற்றுவது குழந்தை தண்ணீருக்குள் தானாக அசைவதால், நாம் புரள்வதால் இல்லை, கழுத்தில் கொடி சுற்றியபடி எத்தனையோ குழந்தைகள் நல்லபடியாகப் பிறக்கின்றன என்று அவர் பொறுமையாகச் சொன்னார். 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து மட்டும் தூங்கப் போகக் கூடாது, கர்ப்பப்பையின் பாரம் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய நரம்பை அழுத்தும். ஒருக்களித்துப் படுத்தால் போதும், இடதோ வலதோ. நடுவில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் பழைய பருத்திப் புடவையை மடித்து வைத்தால் இடுப்புக்கு நிஜமாகவே சுகம். அந்தப் புடவையை மடித்துத் தந்தவரே அத்தைதான்.