புதுப்பிப்பு: பொருளியலில் கலைமாணியா (BA), விஞ்ஞானமாணியா (BSc)?

வன்னியில் உயர்தரம் முடித்த தம்பி, தங்கச்சிமாருக்காக முன்னர் எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். "விஞ்ஞானமாணி என்றால் கணிதம் கூட, கலைமாணி என்றால் குறைவு" என்றிருந்தது. அது சரியான அளவுகோல் அல்ல. கேம்பிரிட்ஜ் பொருளியலுக்குக் கலைமாணிதான் தருகிறது. லண்டன் பொருளியல் கல்லூரி விஞ்ஞானமாணி தருகிறது. இரண்டிலும் கணிதம் கடுமையானதே.

ஆகவே பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, பாட அலகுப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். வகையீடு, தாயம் (matrix), புள்ளிவிபரவியல், அதன்பின் பொருளியல் தரவுகளைப் புள்ளிவிபர முறையில் ஆராயும் எக்கனோமெட்ரிக்ஸ்: இந்த நான்கும் கட்டாயமா, விருப்பத் தெரிவா? எக்கனோமெட்ரிக்ஸ் இல்லாத பட்டத்தோடு பொருளியல் முதுமாணிக்குப் போனால் முதல் தவணையிலேயே மூச்சு முட்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளைச்சல் கூடியது நீராலா, பசளையாலா என்று பிரித்துச் சொல்ல அந்தப் பாடம்தான் வழி.

அடுத்தது ஆண்டுக்கணக்கு. இலங்கையில் மூன்று ஆண்டுப் பொதுப் பட்டம், கல்வித் தகைமைகளை மட்டம் பிரிக்கும் தகைமைச் சட்டகத்தில் (SLQF) 5ஆம் மட்டம், நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பொதுப் பட்டத்தில் பொருளியல் பல பாடங்களுள் ஒன்றாகச் சுருங்கிவிடும். முடிந்தால் சிறப்புப் பட்டத்தையே பிடியுங்கள்.

கலைப்பிரிவில் கணிதம் எடுக்காதவர்கள் பயப்பட வேண்டாம். அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் சார்பு, சாய்வு, வகையீடு மூன்றையும் தினம் ஒரு மணித்தியாலம் செய்து பாருங்கள். பெரும்பாலும் சறுக்குவது, பல மாறிகளில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பகுதி வகையீட்டில். காரணம், அடிப்படை அட்சரகணிதம் மறந்துபோயிருப்பதுதான்.