நாகப்பட்டினம் சுனாமி வரைபடம்: உயரத் தரவில் சிக்கல்

மதுரையில் நகரமைப்பு படிக்கிறேன். இறுதி ஆண்டு ஆய்வு, நாகப்பட்டினம் முதல் வேளாங்கண்ணி வரை சுனாமி நீர் எதுவரை ஏறும் என்ற வரைபடம். புதிய குடியிருப்பு, பள்ளி எங்கே வரலாம் என்று அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதக் கடைசியில் ஒப்படைக்கணும்.

கியூஜிஐஎஸ் 3.34 என்ற வரைபட மென்பொருள், 8 ஜிபி மடிக்கணினி. முதலில் எஸ்ஆர்டிஎம் என்ற, விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த 30 மீட்டர் கட்ட உயரத் தரவில் 4 மீட்டர் நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன். கடலோரச் சவுக்குத் தோப்பு மேடாக, நனையாமல் நிற்கிறது. அதற்குப் பின்னால் கடலோடு தொடர்பே இல்லாத பள்ளங்கள் நீலமாகின்றன. மர உச்சியையும் கூரையையும் தரை என்று எடுத்துக்கொள்ளும் தரவு, வேறென்ன செய்யும்! இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்டோடெம் உயரத் தரவில் கடற்கரையே மைனஸ் தொண்ணூறு மீட்டர் பக்கம் காட்டியது. அது கடல்மட்டத்திலிருந்து அல்லாமல், பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த நீள்வட்ட உயரம் என்று புரிந்து, கடல்மட்டத்துக்கு மாற்றும் ஜியாய்டு திருத்தம் போட்டாயிற்று. அப்புறமும் மரம், கட்டடம் போகவில்லை. மரங்களை நீக்கிய ஃபேப்டெம் என்ற உயரத் தரவு கொஞ்சம் தேவலாம். ஆனால் கடலோரத் தரையே சில மீட்டர் உயரம்தான். ஒரு மீட்டர் பிழை வந்தால் எல்லைக்கோடு எங்கேயோ போய்விடுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று நீர் ஏறிய இடங்களோடு ஒப்பிடவும் வேண்டும். அதற்கான தகவல் ஓரளவு திரட்டிவிட்டேன், அது பிரச்சினை இல்லை.

அரை மீட்டருக்குள் துல்லியமான தரைமட்ட உயரத் தரவை இந்தக் கடற்கரைக்கு ஒரு மாணவர் எந்த அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம்?