சட்டச் செவிலிய ஆலோசகரா, வழக்குச் செவிலியரா?

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்குக்கு வரும் ஆஸ்பத்திரித் தாள்களைப் படித்து வக்கீலுக்கு விளக்கும் நர்சை ஆங்கிலத்தில் legal nurse consultant என்கிறார்கள். அதற்குத் தமிழில் அண்ணாச்சி முன்வைத்த 'சட்டச் செவிலிய ஆலோசகர்' என்ற சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மனசுக்கு ஒட்டவில்லை. 22 வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் இந்த வேலையைத்தான் செய்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் குமாஸ்தாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். "நர்சுகளுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறவங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நடப்பதோ வேறு: நர்சுக்குத் தெரிந்ததை வக்கீலுக்குச் சொல்கிற வேலை இது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு 1989-லேயே சங்கம் வந்துவிட்டது. நம் பக்கம் பெயர்தான் இல்லை, வேலை உண்டு. கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. அந்த வழக்குகளோடு நான்குவழிச் சாலை விபத்து வழக்குகளும் சேர்ந்தால், மேசையில் கேஸ் ஷீட் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்புக் கட்டு) இல்லாத நாள் குறைவு.

ஒன்று சொல்கிறேன். 'அறுவைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்தது' என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரி. வக்கீல் அதையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். நான் கேஸ் ஷீட் கட்டின் கடைசிக்குப் போய் இன்டேக்-அவுட்புட் சார்ட்டை, அதாவது உடம்புக்குள் போன நீரையும் வெளியே வந்த சிறுநீரையும் அளந்து எழுதும் தாளை எடுத்தேன். ராத்திரி 10 மணியிலிருந்து சிறுநீர் அளவு மணிக்கு மணி குறைந்துகொண்டே வந்து, 4 மணிக்கு 20 மில்லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து போனாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதாக நர்ஸ் குறிப்பில் ஒரு எழுத்து இல்லை. நைட் டியூட்டி பார்த்த கைதான் அந்தத் தாளைத் தேடிப் போகும்.

அதனால்தான் இன்னொரு நண்பர் சொன்ன 'மருத்துவ ஆவண ஆய்வாளர்' எனக்குப் போதவில்லை. அதில் செவிலியரே காணாமல் போகிறார். அப்புறம், எங்கள் ஊரில் ஆய்வாளர் என்றால் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்தான்.

நான் சொல்ல வருவது 'வழக்குச் செவிலியர்'. கிராம சுகாதாரச் செவிலியர் என்று அரசே எழுதுகிறது. எந்தத் துறையில் வேலையோ அது முன்னால், செவிலியர் பின்னால். அந்த வாய்பாடு எல்லாருக்கும் பழகியது. வழக்கில் மாட்டிய செவிலியர் என்று பொருள் வராதா என்று கேட்பீர்கள். வழக்கறிஞரை யாரும் அப்படி நினைப்பதில்லையே.

செவிலி என்ற சொல்லை நான் விடமாட்டேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சங்க அகப்பாடல்களில் அறத்தொடு நிற்றல் என்று ஒன்று, தலைவியின் மறைவான காதலை வீட்டாருக்குத் தெரியப்படுத்துவது. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் (வளர்த்த தாய்), செவிலி நற்றாயிடம் (பெற்ற தாய்). மறைந்து கிடந்த உண்மையை, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகிறவள் செவிலி. கேஸ் ஷீட்டை விரிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

'ஆலோசகர்' வேண்டுமானால் பதவிப் பெயரில் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், மறுப்பில்லை. நிபுணர் சாட்சியை மட்டும் இதோடு குழப்ப வேண்டாம். அவர் கூண்டில் ஏறுகிறவர். அவருக்கு முன்னால் தாள்களை ஒழுங்குபடுத்தி வைப்பதோடு என் வேலை முடிந்தது.

அப்படி ஒழுங்குபடுத்தி, நடந்ததை மணிவாரியாக எழுதித் தரும் தாளை எங்கள் ஆபீசில் 'சிகிச்சை நாள்வழி' என்கிறோம். பழைய கடைக் கணக்கில் இருந்து எடுத்த சொல். அதையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா, அண்ணாச்சி?